இல்ல முற்றம்: ஏரிக்கரையில் ஒரு பகல்



தேர்வுகள் முடிந்துவிட்டன. புத்தகப் பைகள் மூலையில் ஓய்வெடுக்கின்றன. "இந்த லீவுக்கு எங்கே போகிறோம்?" என்னும் வினா இந்நேரம் ஒவ்வோர் இல்லத்திலும் எழுந்திருக்கும். அவ்வினா எழுந்தவுடன் தந்தையின் கை சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறது. தாயின் கண் நாட்காட்டியை நாடுகிறது. உதகைக்கும் கோடைக்கானலுக்கும் ஆண்டுதோறும் சென்றுவர எல்லார்க்கும் இயலுமா? ஆயினும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் குடியிருக்கும் நமக்கு, காலையில் புறப்பட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பத்தக்க இடம் ஒன்று உண்டு. அதுதான் ஏரிக்கரை.

"குழந்தைகளை ஏரிக்கு அழைத்துப் போவதா?" என்று தாய்மார் சிலர் திடுக்கிடுவதை உணர்கிறேன். நானும் நெடுங்காலம் அவ்வாறே திடுக்கிட்டவன்தான். அதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ஆண்டு. கோடை விடுமுறையில் ஒரு நண்பகல், வீட்டாருக்குச் சொல்லாமல் மூவர் ஏரிக்குச் சென்றோம். கோடையாதலின் நீர் வற்றி முழங்காலளவே இருந்தது. எங்களுள் ஒருவன் முன்னே நடந்தான். நான்கு அடி வரையில் முழங்கால் நீர். ஐந்தாம் அடியில் அவனைக் காணவில்லை. அவ்விடத்தில் யாரோ மண் எடுத்த பள்ளம் ஒன்று நீருக்கடியில் மறைந்திருந்தது. அவன் கூவவும் இல்லை, கையை உயர்த்தவும் இல்லை. நாங்கள் கரையேறி ஓடி ஆட்களை அழைத்துவந்தபோது காலம் கடந்துவிட்டது. அன்று மாலை அவன் தாய் கரைமீது அமர்ந்து, "தண்ணி முழங்கால்தானேப்பா இருந்துச்சு?" என்று எங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அவ்வினாவிற்கு அன்று நாங்கள் விடை கூறவில்லை.

அதன்பின் ஏரி என்ற சொல்லையே நான் விரும்பவில்லை. எனக்கு மகன் பிறந்து வளர்ந்தபோது, "ஏரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது" என்பதே என் வீட்டுச் சட்டம். அவனும் ஏரிக்கு ஒரு கல் தொலைவிலேயே வளர்ந்து, ஏரியைக் காணாமலேயே பெரியவன் ஆனான்.

சில ஆண்டுகளுக்கு முன், அப்போது ஒன்பது வயதாயிருந்த என் பேரன் குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டே, "தாத்தா, இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டான்.

"ஏரியிலிருந்து வருகிறது, கண்ணா."

"எந்த ஏரி? நாம பார்த்திருக்கோமா?"

நான் பேசாதிருந்தேன். அவன் வெளியே விளையாடச் சென்றபின் என் மனைவி மெல்லச் சொன்னாள்: "ஏங்க, இன்னும் எத்தனை நாளைக்குப் பயந்துகிட்டே இருப்பீங்க? நாம கூட்டிட்டுப் போகலேன்னா, ஒருநாள் அவன் நம்மகிட்டச் சொல்லாமலே போவான். நீங்க போனீங்களே, அந்த மாதிரி."

அச்சொல் என்னைச் சுட்டது. என் தோழன் இறந்தது ஏரியினால் மட்டுமா? அவ்வேரியின் இயல்பை எங்களுக்கு எவரும் கற்பிக்காததும் ஒரு காரணம் அன்றோ? அஞ்சி விலக்குதல் வேறு, அறிந்து காத்தல் வேறு. இவ்வேறுபாட்டை நான் உணர்வதற்கு அரை நூற்றாண்டு சென்றது.

அடுத்த தை மாதத்தில், ஒரு ஞாயிறன்று முதல் பூசை முடிந்ததும், நாங்கள் அறுவரும் ஆவடிக்கு அருகிலுள்ள பருத்திப்பட்டு ஏரிக்குப் புறப்பட்டோம். சுமார் 87 ஏக்கர் பரப்புள்ள அவ்வேரியில் 2019 ஆம் ஆண்டு பசுமைப் பூங்கா திறக்கப்பட்டது. ஏரியைச் சுற்றி நடைபாதையும், குழந்தைகளுக்கு விளையாட்டிடமும் அமைத்துள்ளார்கள். மழைக்காலம் முடிந்து நீர் நிறைந்திருக்கும் தை, மாசி மாதங்களில் இவ்வட்டார ஏரிகளில் பறவைகளும் மிகுதி. கூழைக்கடா ஒன்று தன் பெரிய அலகினால் நீரை அள்ளியதைக் கண்டு என் பேத்தி கைகொட்டிச் சிரித்தாள். நீர்க்காகம் சிறகை விரித்து வெயிலில் உலர்த்தியதைப் பார்த்து, "ஆயா, அது துணி காயவைக்குது!" என்றாள்.

பேரனோ கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதை யார் கட்டினாங்க, தாத்தா?" என்றான். அன்று அவனுக்கு நான் விளக்கியவற்றை, உங்கள் பிள்ளைகளுக்கு நீங்களும் விளக்கும்பொருட்டு இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர் ஏரி இயற்கையாய்த் தோன்றியதன்று. மனிதர் கையால் ஆக்கப்பட்டது. நிலம் சரியும் பக்கத்தில் வில் போல் வளைத்து மண் கரை எழுப்பி, மேட்டிலிருந்து வழிந்துவரும் மழைநீரைத் தடுத்து நிறுத்தினார்கள். நீரைக் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். வேண்டிய அளவு நீரை வெளியே விடுவது மதகு. ஏரி நிறைந்தபின் மிகுதி நீர் கரையை உடைத்துவிடாமல் வழிந்தோடுவதற்குக் கட்டப்பட்டது கலங்கல். ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர் ஏரிக்கும், அது நிறைந்தால் இரட்டை ஏரிக்கும் நீர் போவது இம்முறையினால்தான். மேல் வீட்டார் செய்வது கீழ் வீட்டாரைத் தாக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் உண்டோ? மேலுள்ள ஏரியில் கலக்கும் கழிவுநீர் கீழுள்ள ஏரியையும் கெடுக்கும். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அவ்வூர் மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று வழக்காடினார்கள்.

பூந்தமல்லிப் பக்கத்து இல்லத்தார்க்குச் செம்பரம்பாக்கம் ஏரி அறிமுகமானதே. நீர் நிற்கும் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. புழலும் பூண்டியும் ஒவ்வொன்றும் மூவாயிரத்து இருநூறு மில்லியன் கன அடிக்கு மேற்பட்ட நீரைக் கொள்வன. சென்னை மாநகரின் தாகம் தீர்க்கும் பெருங்குடங்கள் இவை. இக்குடங்கள் நிறைந்து வழிந்தபோதும் வற்றியபோதும் நாம் பட்ட பாட்டை மறக்கலாகாது. 2015 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரை வீடுகள் நீரில் மூழ்கின. நான்கே ஆண்டுகள் கழிந்து, 2019 ஆம் ஆண்டு கோடையில், அதே ஏரியின் தரை வெடித்துப் பாளம் பாளமாய்க் கிடந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் குடிநீர் வந்தது. ஐம்பது தொட்டிகளில் 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு, அவ்வண்டி ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்து வில்லிவாக்கம் சேர்ந்தது. நம்மில் பலர் நிலையத்தில் நின்று அதைப் பார்த்தவர்கள்தாம்.

ஏரியைக் கண்ட பிள்ளை குழாயை வீணே திறந்துவிடமாட்டான். இது என் அனுபவம்.

இன்னும் சற்றுத் தொலைவு செல்ல விரும்புவோர் பூண்டிக்குச் செல்லலாம். ஆவடியிலிருந்து மின்சார இரயிலில் திருவள்ளூர் சென்று, அங்கிருந்து பேருந்தில் ஏறினால் போதும். கொசத்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அந்நீர்த்தேக்கத்திற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். 1939 இல் சென்னை மேயரான தீரர் சத்தியமூர்த்தி, நகரின் குடிநீர்ப் பஞ்சத்தைப் போக்க இத்திட்டத்திற்காகப் பாடுபட்டார். 1943 இல் அவர் மறைந்தார். 1944 இல் பணி நிறைவெய்தியது. தாம் பருகாத நீரைப் பிறர் பருகுவதற்காக உழைத்தவர் அவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பூண்டிக்கு அண்மையில் அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1863 ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங் என்னும் இருவர் அங்கே பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார்கள். பிற்காலத்தில் நடந்த அகழாய்வின் பயனாக, அக்கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்று 2011 இல் அறிவித்தனர். ஓடைக்கரையில் தங்கிக் கல்லைச் செதுக்கி வாழ்ந்த மாந்தர் விட்டுச்சென்றவை அவை. நீர்க்கரையில் குடும்பமாய்த் தங்குவது நேற்று வந்த நாகரிகம் அன்று. இம்மண்ணில் மிகப் பழைய வழக்கம் அதுவே. பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் ஒன்று உண்டு; திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டிக் கேட்டறிந்து செல்வது நலம்.

நம் வட்டார ஏரிக்கரைகளில் இரவு தங்கும் வழக்கம் இல்லை. கூடாரத்தில் ஓர் இரவேனும் படுக்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், ஏலகிரி மலையை நாடலாம். இரயிலில் ஜோலார்பேட்டை சென்று, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறினால், புங்கனூர் ஏரி இருக்கிறது. படகுச் சவாரியும், விடுதிகளும், கூடாரம் அமைத்துத் தங்கும் இடங்களும் அங்கு உண்டு. மலை ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையதாதலின், கோடையிலும் இரவுக்குப் போர்வை ஒன்று எடுத்துச் செல்க.

பகலாயினும் இரவாயினும், தங்கச் செல்லும் குடும்பம் ஒரு முறைமையைக் கைக்கொள்ள வேண்டும். 1907 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் சிறுவரைத் திரட்டிக் கூடாரமடித்துத் தங்கச் செய்தார். சாரணர் இயக்கத்திற்கு அது வித்தாயிற்று. நம் பள்ளிகளில் சாரணராய் இருந்தோர் ஒன்றை நன்கறிவர்: பாசறையில் விருந்தாளி என்று எவரும் இல்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. நம் குடும்பங்களின் உல்லாசப் பயணத்திலோ, தாய் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து சமைக்கிறாள். சென்ற இடத்தில் பரிமாறுகிறாள். திரும்பி வந்து பாத்திரம் துலக்குகிறாள். மற்றவர்க்கு விடுமுறை, அவளுக்கு இரட்டைப் பாடு! இது தகுமா? சோற்றைப் பொட்டலம் கட்டுவதைத் தந்தையும், இலைகளை நறுக்கித் துடைப்பதை மூத்த பிள்ளையும், பாய் சுமப்பதை இளையவனும் ஏற்றுக்கொள்ளட்டும். புளிச்சோறும், தயிர்ச்சோறும், அவித்த முட்டையும், ஒரு சீப்பு வாழைப்பழமும் போதும். குடிநீரைத் தாராளமாக வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். நீர்மோர் ஒரு தூக்கில் இருந்தால் இன்னும் நன்று. சித்திரை, வைகாசியில் செல்வோர் காலை ஏழு மணிக்கே சென்று வெயில் ஏறுமுன் உலாவி முடித்து, பதினொரு மணி முதல் மூன்று மணி வரை மர நிழலை விட்டு அகலாதிருக்க வேண்டும். புதரோரத்தில் பாய் விரிக்கலாகாது. பாம்புக்கும் அந்நிழல் இனிது.

இனி, என் நெஞ்சுக்கு மிக நெருங்கியதைச் சொல்லுகிறேன். ஏரி நீர் குளிப்பதற்கு அன்று, பார்ப்பதற்கே. மேலே அமைதியாய்த் தோன்றும் நீரின் அடியில் மண் எடுத்த பள்ளமும், காலை விழுங்கும் சேறும் இருக்கும். மதகருகே நீர் உள்ளிழுக்கும். பாசி படர்ந்த படி வழுக்கும். ஆதலின் குழந்தைகள் கரையோரம் நிற்கும்போதெல்லாம், பெரியவர் ஒருவர் வேறெந்த வேலையுமின்றி அவர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "எல்லாரும் பார்க்கிறார்கள்" என்றால் எவரும் பார்க்கவில்லை என்பதே பொருள். கைத்தொலைபேசியைக் காவலர் கையில் கொடாதீர். நீரில் மூழ்குவோர் கூவுவர் என்று நம்பியும் இராதீர். பெரும்பாலும் அவர்களால் கூவ முடிவதில்லை. என் தோழனும் கூவவில்லை.

மூழ்குவோரைக் காக்க, நீந்தத் தெரியாதோர் நீரில் குதித்தல் கூடாது. கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கழியையோ, கயிற்றையோ, துண்டையோ நீட்டுக, எட்டாவிடில் வீசுக. 2020 ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டத்துக் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர் நால்வர் மூழ்கினர். அங்கிருந்த பெண்கள் மூவர், தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளையே அவிழ்த்து ஒன்றாய் முடிந்து வீசி, இருவரைக் கரைசேர்த்தார்கள். மற்ற இருவரை மீட்க இயலவில்லை. அவ்வீரப் பெண்டிர்க்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கிச் சிறப்பித்தது. நாணத்தினும் உயிர் பெரிது என்று ஒரு நொடியில் தேர்ந்த அவர்களை நம் பெண்மக்களுக்கு எடுத்துக்காட்டாய்ச் சொல்லலாம். நீங்கள் ஏரிக்குச் செல்லும்போது பழஞ்சேலை ஒன்றைப் பையில் வைத்துச் செல்லுங்கள். உட்காரவும் உதவும், ஓர் உயிரைக் காக்கவும் உதவும்.

கரையேற்றியவரைத் தலைகீழாய்த் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் பழைய தவறுகள். மூச்சில்லையெனில் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதவும், மார்பின் நடுவே விட்டுவிட்டு அழுத்தவும் வேண்டும். அதே வேளையில் மற்றொருவர் 108 எண்ணை அழைக்க வேண்டும். இம்முதலுதவியைப் பழகியவர் ஒருவர் ஒவ்வோர் இல்லத்திலும் இருத்தல் இன்றியமையாதது. பங்கிலுள்ள செவிலியரோ மருத்துவரோ ஒரு மாலை வேளையில் இதை நமக்குக் கற்பிக்க மறுப்பார்களா?

புறப்படுமுன் இறுதி வேலை ஒன்று உண்டு. உண்ட இலையும் பிளாஸ்டிக் உறையும் ஒன்றும் கரையில் கிடத்தல் கூடாது. அவற்றை வீட்டிற்கே திரும்பக் கொண்டுவாருங்கள். குடத்திலிருந்து நீர் மொண்டு குடிப்பவர் அக்குடத்திலேயே எச்சிற்கையைக் கழுவுவாரோ?

அன்று பொழுது சாயும் வேளையில், கரைமீது என் அருகே வந்து அமர்ந்தான் பேரன். நான் அவனிடம் என் தோழனைப் பற்றிச் சொன்னேன். என் மகனிடமும் அதுவரை முழுதும் சொன்னதில்லை. அவனும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டபின் பேரன், "அவங்க பேரு என்ன, தாத்தா?" என்றான். ஐம்பது ஆண்டுகளாய் என் வாயில் வராத பெயரை அன்று சொன்னேன். சிறிது நேரம் நீரையே பார்த்திருந்துவிட்டு, "முழங்கால் தண்ணியிலேயும் பள்ளம் இருக்கும், இல்லே?" என்று கேட்டான்.

அந்தத் தாயின் வினாவிற்கு விடையை அவன் சொல்லிவிட்டான். அவனுக்கு அதைக் கற்பிக்க எனக்கு ஒரே ஒரு பகல்தான் ஆயிற்று.

இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு பகலை ஒதுக்குங்கள். நாம் கைப்பிடித்து அழைத்துச் சென்றால் ஏரி அவர்களுக்கு ஆசான் ஆகும். நாம் அழைத்துச் செல்லாவிடினும் அவர்கள் ஒருநாள் செல்லத்தான் போகிறார்கள்.

அடுத்த திங்களில் மீண்டும் சந்திப்போம்.